ஊட்டிக்குப் போன தவிடு

ஒரு படி தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மனிதன் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளலாம் என்று ஒன்பது வயதில் நான் மனதார நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும், அந்த வயதில் நீங்கள் எதையெல்லாம் நம்பினீர்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நம் வயதுக்காரர்கள் எல்லோருமே அந்த நாளில் முழு மடையர்கள்தான். இப்போது மடமையோடு வழுக்கையும் சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். எனக்கு முன்னால் அம்மாவுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக நான் வந்து சேர்ந்தேன். எங்கள் திருத்தணியில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. குழந்தையை மலைமேல் தூக்கிக்கொண்டு போய் முருகனுக்கே கொடுத்துவிடுவார்கள். பிறகு உறவில் ஒருத்தி, சாமியிடமிருந்து அதை ஒரு படி தவிட்டுக்கு வாங்கிக்கொள்வாள். மாட்டுத் தீனிக்கு விலைபோன சரக்கை எமன் ஏறெடுத்துப் பார்க்கமாட்டானாம். எமனுடைய மூளையைப் பற்றி எங்கள் ஊருக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம்.

என்னை வாங்கியவள் பெரியம்மா, அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. வாங்கியவள் அங்கேயே, சன்னிதியிலேயே, என்னை அம்மாவின் மடியில் போட்டு, "எம் புள்ள. நீ வளத்துக் குடு" என்றாளாம். சடங்கில் சொல்ல வேண்டிய பேச்சு அது. அடையாளத்துக்கு வலது மூக்கைக் குத்தி ஒரு செம்பு வளையம் போட்டார்கள். வளையம் எங்கேயோ தொலைந்துபோயிற்று. ஓட்டை இன்னும் இருக்கிறது. ஜலதோஷம் பிடித்தால் மூன்று துவாரத்தில் ஒழுகுகிற பெருமை எனக்கு உண்டு.

பள்ளிக்கூடத்தில் என் பெயரே தவிடுதான். அப்போது எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. பாதிப் பையன்கள் தெலுங்கு. தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை என்று இரண்டு பாஷையிலும் என்னைத் தவிடாக்கினார்கள். நான் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. பெரியம்மா ஒரு நாள் வந்து சரக்கை எடுத்துக்கொண்டு போவாள் என்று எனக்குத் தோன்றாத வரைக்கும்.

அந்த நாளும் வந்தது. யுத்தம் முடிந்த மறுவருஷக் கோடை. யுத்தம் முடிந்தாலும் ரேஷன் முடியவில்லை. ரேஷனில் கிடைத்த அரிசியில் கல்லைப் பொறுக்குவதைவிட, கல்லில் அரிசியைப் பொறுக்குவது சுலபமாக இருந்தது. அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, மலையடிவாரத்தில் கற்பூரக் கடை. ஊரே அரைவயிறாக இருக்கும்போது கற்பூரம் வாங்குகிறவன் எத்தனை பேர்? இருந்தார்கள், ஆனால் சின்னக் கட்டியாகப் பார்த்து வாங்கினார்கள்.

பெரியப்பா அரக்கோணத்தில் ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க். தேவர்களில் முருகனுக்கு மேலும், மனிதர்களில் ஹெட் கிளார்க்குக்கு மேலும் யாரும் இல்லை என்பது அவர் எண்ணம். முருகன் விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் சந்தேகமும் இருந்தது. குழந்தை கிடையாது. ரயில்வே ஊழியர்களுக்கென்று தனி தானியக் கடை இருந்ததால் அவர் வீட்டில் மட்டும் கல் இல்லாத அரிசி. அந்த வருஷம் அவருக்கு உத்தியோகம் உயர்ந்து செகண்ட் கிளாஸ் பாஸ் கிடைத்துவிட்டது. கிடைத்ததை ஊருக்குக் காட்டாவிட்டால் உத்தியோகம் எதற்கு? ஊட்டிக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

கடையில் கல்லாப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து நான் நாட்டுச் சர்க்கரை தின்றுகொண்டிருந்தபோது, மேலே நைனாவும் அம்மாவும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"ஒன்னாவது வயிறாரத் துன்னட்டுமே" என்றார் நைனா. "ஊட்டிக்குக் கூட்டிப் போயிட்டு, ஜூன்ல அரக்கோணத்துலயே பள்ளிக்கூடத்துல போட்டுடறேன்றாரு. நான் சரின்னுட்டேன்."

"அவன் இன்னா, பாத்திரமா, குடுத்துட்டு வர?"

"அவங்க வாங்கின புள்ளதானே?"

"அது சாமிக்காகச் செஞ்சதுங்க" என்றாள் அம்மா.

நான் சர்க்கரையை விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகா மூளை அங்கேயே வேலை செய்ய ஆரம்பித்தது. சாமி வரைக்கும் போன வியாபாரம், அழுதால் மாறாது. வாங்கிய விலையைத் திருப்பிக் கொடுத்தால் ஒருவேளை மாறும். விலை என்ன? ஒரு படி தவிடு. நம் வீட்டில் இருக்கிறதா? எருமைக்கென்று ஒரு பானை நிறைய இருக்கிறது. ஒரு மந்திரிக்கு வராத தெளிவு. மந்திரிகளுக்கு எருமை இல்லாததுதான் காரணம்.

கிளம்புகிற நாள் நைனாவின் கிழிந்த சட்டையில் ஒரு கையை வெட்டி எடுத்து, ஒரு பக்கம் முடிச்சுப் போட்டு, ஒரு படி தவிடு கொட்டி, மறு பக்கமும் முடிச்சுப் போட்டேன். அதை இடுப்பில் சுற்றி மேலே சட்டையைப் போட்டுக்கொண்டேன். எருமை என்னைப் பார்த்த பார்வையில், அன்று அந்த வீட்டில் நடந்தது புரிந்த ஒரே ஜீவன் அதுதான் என்று தோன்றியது.

ஸ்டேஷனில் அம்மா புளிச்சோற்று மூட்டையைப் பெரியம்மாவிடம் கொடுத்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை. அவள் இடுப்பில் மூன்று வயதுத் தம்பி, மூக்கொழுக, கால்களை உதைத்துக்கொண்டு, "நானும் ரயிலு! நானும் ரயிலு!" என்று ஸ்டேஷன் கூரை பிய்கிற மாதிரி கத்தினான். எனக்கு அவன்மேல் அளவில்லாத இளக்காரம். போகத் துடிக்கிற இந்த முட்டாள் இங்கேயே இருக்கிறான். இருக்கத் துடிக்கிற நான் போகிறேன். உலகத்தை நடத்துகிறவனுக்கு நிர்வாகம் தெரியவில்லை என்ற முடிவுக்கு அன்றைக்கே வந்துவிட்டேன்.

அரக்கோணத்தில் நீலகிரி வண்டிக்குக் காத்திருந்தபோது பெரியப்பா எனக்குப் பாடம் நடத்தினார். தலையில் புதிதாக ஒரு தொப்பி; தபால்பெட்டிக்கு மூடி போட்ட மாதிரி இருந்தது.

"பாஸ்ல இன்னா எழுதியிருக்குது? மனைவி ஒன்னு, மகன் ஒன்னு. நீதான் அந்த மகன். ரயில்ல என்னப் பெரியப்பான்னு கூப்ட்டே, மூணு பேரையும் காட்பாடியில எறக்கி உட்டுடுவான்."

"அப்ப இன்னான்னு கூப்புடறது?"

"அப்பான்னு."

"அப்ப எங்க நைனா யாரு?"

"அவரு இந்த ரயில்லயே இல்லியே" என்றார் பெரியப்பா. ஆபீஸ் பைலில் ஒரு கேள்வியை முடித்த திருப்தி அவர் முகத்தில்.

பெரியம்மா என் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னாங்க இது, கொழந்தை வயிறு இப்படி உப்பிக்கினு கீது?"

"பூச்சி" என்றார் பெரியப்பா, பார்க்காமலே. "ஊர்த் தண்ணி அப்படி. ஓமத்தண்ணி குடு."

என் விலைக்கு ஓமத்தண்ணி ஊற்றினார்கள். குடித்தேன்.

செகண்ட் கிளாஸ் என்றால் என்னவென்று அன்றுதான் பார்த்தேன். மெத்தை தைத்த பலகைகள், ஒன்றின் தலைக்கு மேல் ஒன்று. மேல்பலகை இரண்டு சங்கிலியில் தொங்கியது. நம்மைப் போன்றவர்கள் வீட்டில் கருவாட்டுக் கூடையைத்தான் அப்படித் தொங்கவிடுவார்கள். அதில் என்னை ஏற்றினார்கள். எனக்கு நேர் கீழே மெட்ராஸ் வக்கீல் ஒருவர், கோடை முழுக்க ஊட்டியில் இருக்கப் போகிறவர். வழுக்கைத் தலையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தன் வயிற்றைப் பற்றியே பேசினார். எதிர்ப்பலகையில் பெரியம்மா. பெரியப்பா தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கழற்றினால் செகண்ட் கிளாஸ் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ.

காட்பாடியில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். பாஸைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். நிமிர்ந்து, சங்கிலிக்கு நடுவில் தொங்கிய என் தலையைப் பார்த்தார்.

"தம்பி, இவரு உனக்கு யாரு?"

அப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லிவிட்டால் அதுவே சாட்சியாகிவிடும், ரயில்வே சட்டப்படி நான் ஆயுசுக்கும் அவர் மகன் என்று தோன்றிவிட்டது. பெரியப்பா என்று சொன்னால் இறக்கிவிடுவான். இரண்டுக்கும் நடுவில் என் வாய் தானாக ஒன்றைச் சொல்லிற்று:

"என்ன வாங்கினவருங்க."

வக்கீல் தன் வயிற்றை மறந்தார். பெரியப்பாவின் தொப்பி மட்டும் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது.

பெரியம்மாதான் எழுந்தாள். என் முகத்தைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். "ஆங், தவுட்டுக்கு வாங்கின புள்ளைங்க. தங்காம தங்கினது. மூக்கப் பாருங்க."

பரிசோதகர் எட்டி ஓட்டையைப் பார்த்தார். அவர் முகம் இளகிவிட்டது. "எங்க வூட்லயும் ஒன்னு கீதும்மா. அதையும் தவுட்டுக்குத்தான் வாங்கினோம். இப்ப எங்களையே வித்துடும் போல கீது" என்று சொல்லி, பாஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்.

பெரியப்பா தப்பித்தார். நான் மாட்டிக்கொண்டேன். வாங்கியது உண்மை என்று பெரியம்மா தன் வாயால், பொத்தான் வைத்த உடுப்புக்காரர் முன்னிலையில், ஒப்புக்கொண்டுவிட்டாளே! வயிற்றிலிருந்த தவிட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். அப்படி அணைத்ததில்தான் முடிச்சு நழுவியிருக்க வேண்டும்.

விடிந்தபோது வண்டி கோயமுத்தூரைத் தாண்டியிருந்தது. வெளியே பாக்குமரம், பனி, வெளுத்த வானம். உள்ளே வக்கீலின் குரல்.

"என்ன சார் ரயில்வே நடத்தறீங்க? பலகை உளுத்துக் கொட்டுது சார்!"

எட்டிப் பார்த்தேன். பலகைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாக என் விலை ராத்திரி முழுக்க ஒழுகியிருக்கிறது. விளக்கெண்ணெய் வழுக்கையில் அது நன்றாக ஒட்டிக்கொண்டு, அவர் தலை பொரிப்பதற்குத் தயாராக மாவில் புரட்டிய வாழைக்காய் மாதிரி இருந்தது.

ரயில்வேயைச் சொன்னால் பெரியப்பாவுக்குத் தாங்காது. "எங்க பலகை பர்மா தேக்கு சார். உளுக்காது."

"அப்ப இது என்ன, விபூதியா?"

வக்கீல் தலையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நீட்டினார். பெரியப்பா வாங்கி முகர்ந்தார். அவர் பிறந்தது திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு நெல் விவசாயி வீட்டில். பத்து வயதுவரை மாட்டுக்குத் தவிடு கலக்கிய கை அது. முகர்ந்த கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது அவர் மூக்கிலேயே தெரிந்தது. ஆனால் செகண்ட் கிளாஸில் உட்கார்ந்து தவிடு என்ற வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"புழுதி சார்" என்றார். "கோயமுத்தூர் பஞ்சாலைப் புழுதி. எஞ்சினீயர்களே திணறுறாங்க."

இன்றுவரை அந்த ஒரு பதிலுக்காக மட்டும் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை. நான் போர்வைக்குள் குனிந்து மிச்சத்தைத் தடவிப் பார்த்தேன். பாதிகூட இல்லை.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில். மலை ரயில் மலை ரயில் என்று நீங்கள் எல்லாம் உருகுகிறீர்களே, அதில் எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது. முன்னால் நின்று இழுக்க வக்கில்லாத எஞ்சினை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும் வக்கீல் "ஆஹா" என்றார். பெரியப்பா "பியூட்டிபுல்" என்றார். நான் பள்ளத்தைப் பார்த்து, இங்கேயிருந்து திருத்தணிக்கு நடந்து போக எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டேன். விரல் போதவில்லை.

திருத்தணிக்காரனுக்கு மலை என்றால் அதற்குப் படி இருக்க வேண்டும். வருஷத்து நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து படி. உச்சியில் சாமி. ஏறினால் கும்பிட ஒருவர் இருப்பார், இறங்கினால் பொரி கிடைக்கும். இந்த ஊட்டியில் படியும் இல்லை, உச்சியில் யாரும் இல்லை. இவ்வளவு தூரம் ஏறிவந்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், குளிருகிறது என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்து "இன்னிக்கு ரொம்பக் குளிரு" என்று சந்தோஷப்படுகிறார்கள். கீழே இருந்தால் சும்மா வியர்த்திருக்கும். இங்கே வந்து செலவழித்து நடுங்குகிறார்கள். நாய்க்குக் கம்பளிச் சட்டை போட்டுச் சங்கிலியில் நடத்திக்கொண்டு போனாள் ஒரு துரைசாணி. அந்த நாய்க்கு இருந்த சட்டை அன்று திருத்தணியில் பாதிப் பேருக்குக் கிடையாது. ஊர் முழுக்கத் தைல மரத்து வாசனை. யாரோ ஊருக்கே தலைவலி என்று மருந்து தடவிவிட்ட மாதிரி.

"ஆபீசர் பங்களாவில் தங்கப் போகிறோம்" என்று பெரியப்பா அரக்கோணம் முழுக்கச் சொல்லியிருந்தார். தங்கினோம். பங்களாவின் சமையல்கட்டுக்குப் பின்னால், குதிரை லாயத்தை ஒட்டி, விறகு போட்டு வைத்திருந்த அறையில். ஆபீசர் சீமைக்குப் போய்விட்டார். பங்களாவை ஒரு பட்லர் பார்த்துக்கொண்டிருந்தார். அரக்கோணத்துப் பக்கத்து ஆள், முன்னோர் காலத்திலேயே வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். பெரியப்பா தினமும் காலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பங்களாவின் முன்வாசல் வரைக்கும் சுற்றிப்போய், அங்கிருந்து வெளியே வருகிற மாதிரி தெருவில் இறங்குவார். பட்லர் அதை ஜன்னல் வழியாகப் பார்த்து ஏப்பம் விடுவார்.

பெரியம்மா வெளியே எங்கும் போகவில்லை. கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பச்சைக் கம்பளி நூலில் ஒரு குல்லாய் பின்னினாள். பங்குனியில் மலையில் மொட்டை அடித்த தலை எனக்கு. மயிர் குச்சி குச்சியாக நின்றது. அவள் குல்லாயை அந்தத் தலையில் வைத்து வைத்து அளவு பார்ப்பாள். அளவு பார்ப்பது முடிந்த பிறகும் கையை எடுக்க மாட்டாள். நான் தலையை இழுத்துக்கொள்வேன். வாங்கிய சரக்குக்கு உறை தைக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கொடுத்த ரொட்டியையும் ஜாமையும் மட்டும் ஒன்று விடாமல் தின்றேன். கொள்கை வேறு, ஜாம் வேறு.

ஒரு தடவை அவள் கேட்டாள்: "ஒரே ஒரு தபா அம்மான்னு கூப்புடு பாக்கலாம். இங்க யாரு கீறாங்க கேக்கறதுக்கு?"

நான் கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஊசியை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள்.

இனி தாமதிக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் நெல்லே விளையாத ஊரில் தவிட்டுக்கு எங்கே போவது? முட்டைக்கோஸ் விளைகிறது, கேரட் விளைகிறது, பூ விளைகிறது. தவிடு போடாத ஊர் ஒரு ஊரா? அப்போதுதான் லாயத்தில் இருந்த கிழட்டுக் குதிரைக்குப் பட்லர் தொட்டியில் எதையோ கொட்டிக் கலக்குவதைப் பார்த்தேன்.

"இன்னா தம்பி, தொட்டியையே மொறச்சிக்கினு கீற? குதிர ஏறணுமா?"

"தவுடு வேணுங்க."

"இன்னாத்துக்கு?"

"என்ன வாங்கறதுக்கு."

முழுவதையும் சொன்னேன். அவர் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருமல் வரும்வரை சிரித்தார். "எங்க வேதத்துல புள்ளைய விக்கறதும் இல்ல, வாங்கறதும் இல்ல. தலையில தண்ணி தெளிக்கறதோட சரி. அதுக்கே சில புள்ளைங்க கத்தற கத்து!" என்றார். பிறகு என் சட்டைக்கையை வாங்கி அவரே தவிட்டை அள்ளிப் போட்டார். "இது கோதும. வெள்ளக்காரக் குதிர துன்றது. பாத்து, உன் வெல ஏறிடப் போவுது."

உள்ளே வந்தேன். பெரியப்பா தாவரத் தோட்டத்துக்குப் போயிருந்தார். பெரியம்மா குல்லாயின் கடைசி வரிசையில் இருந்தாள். சட்டைக்கையை அவள் மடியில் வைத்தேன்.

"இந்தாங்க. ஒரு படி கீது. என்ன உட்டுடுங்க."

"இன்னாடா இது?"

"தவுடு."

முடிச்சை அவிழ்த்தாள். கையை உள்ளே விட்டு எடுத்தாள். மேலே சிவப்பாகச் செதில் செதிலாகக் குதிரைத் தவிடு. அடியில் மாவாக எங்கள் எருமைத் தவிடு. அடியில் இருந்ததை எடுத்து முகர்ந்தாள். பிறகு அந்தத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது நைனாவின் சட்டை என்று அவளுக்குத் தெரியும். தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

அவள் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த கோபம் இல்லை அது. யாரோ முதுகுக்குப் பின்னால் பேசியதைக் கேட்டவள் மாதிரி இருந்தாள்.

"ஊர்லேந்தே எடுத்துக்கினு வந்தியா?"

"ஆங்."

"உங்கம்மா குடுத்து அனுப்பிச்சாளா?"

இங்கேதான் நண்பர்களே, நீங்கள் சிரிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். பெரியவர்கள் கொடுத்தனுப்பிய விலைதான் செல்லும், சின்னப் பையன் திருடிக்கொண்டு வந்தது செல்லாது என்று ஒரு கணத்தில் எனக்குத் தோன்றிற்று. ஒன்பது வயதில் இவ்வளவு சாமர்த்தியம்.

"ஆங்" என்றேன். "அம்மாதான்."

பெரியம்மா தவிட்டைத் திரும்ப முடிந்து தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். குல்லாயின் கடைசி வரிசையை முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட என் தலையில் வைத்து அளவு பார்க்கவில்லை. மிச்சமிருந்த நாலு நாளும் ரொட்டி வந்தது, ஜாமும் வந்தது. நான் வெற்றி பெற்றுவிட்ட தளபதி மாதிரி லாயத்தைச் சுற்றி வந்தேன். குதிரைக்கு ஒரு சலாம்கூடப் போட்டேன். பட்லர் "விடுதலையா?" என்றார். "ஆங்" என்றேன்.

திரும்பி வந்தபோது அரக்கோணத்தில் பெரியப்பா மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்ற திருத்தணிப் பாசஞ்சரில் ஏறினாள். வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் அம்மா எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள். பெரியம்மா உள்ளே வரவில்லை. தவிட்டை எடுத்து அம்மாவின் காலடியில் வைத்தாள்.

"நீ அனுப்பிச்சது வந்து சேந்துச்சி. இந்தா உம் புள்ள. குடுக்க மனசு இல்லன்னா வாயால சொல்லியிருக்கலாமேடி. கொழந்தை கையில தவுட்டக் குடுத்தா அனுப்புவ? மலடிக்கு இது போதும்னா?"

"இன்னாக்கா சொல்ற? நான் எதையும் குடுக்கலியே!"

"உம் புருஷன் சட்டதானே இது?"

அம்மா அந்தச் சட்டைக்கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மலைமேலிருக்கிறவன் மேல் ஆணையிட்டாள். நைனா கடையிலிருந்து ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, எல்லோருக்கும் எதிரில் அம்மாவைத்தான் திட்டினார்: "வாக்கு குடுத்தவன் நான். என் மானத்த வாங்கிட்டியேடி." நான் எருமைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். 'நான்தான்' என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் திரும்ப அனுப்பிவிடுவார்களே என்று பயம். எருமை வாலால் என் முகத்தில் ஒன்று வைத்தது. அன்று எனக்குக் கிடைத்த தண்டனை அது ஒன்றுதான்.

நாற்பது வருஷம் ஆகிறது. அப்புறம் எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். வக்கீல் தலை வரைக்கும் சொல்வேன், பட்லர் வரைக்கும் சொல்வேன். அதோடு நிறுத்திவிடுவேன். அம்மாவிடம் சொல்லவே இல்லை. பெரியம்மாவிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். தான் தவிடு அனுப்பவில்லை, கொடுத்த வாக்கை மாற்றவில்லை என்று அக்காவுக்குக் காட்ட அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் தம்பியைக் கொண்டுபோய் அரக்கோணத்தில் விட்டுவிட்டு வந்தாள். அவனுக்கு யாரும் தவிடு கொடுக்கவில்லை. ரயிலில் ஏறுகிறோம் என்ற சந்தோஷத்தில் அவன் குதித்துக்கொண்டு போனான். அடுத்த தடவை நான் அவனைப் பார்த்தபோது, கோடை வெயிலில், கண்ணை மறைக்கிற அந்தப் பச்சைக் குல்லாயைப் போட்டுக்கொண்டு நின்றான். அம்மா சாகிறவரைக்கும் அவளை அவன் சித்தி என்றுதான் கூப்பிட்டான்.